ஊற வைத்த நேரம்

உப்பளத்துக் காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடித்து உதிர்கிற, சன்னல் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை சிவக்கிற, தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் கிடக்கிற எங்கள் தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில் மட்டும் கொஞ்ச காலம் நேரம் தேங்கி நின்றது. மழை விட்ட பிறகு பள்ளத்தில் தண்ணீர் தேங்குமே, அப்படித்தான் தேங்கியது. பள்ளத்துத் தண்ணீரை நாங்கள் எப்படித் தாண்டிப் போவோமோ, அவசரத்துக்கு அதில் எப்படிக் கால் கழுவிக்கொள்வோமோ, அப்படியே அதோடும் பழகிக்கொண்டோம். அது ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. யாருக்கு எவ்வளவு என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அது கித்தேரியம்மாளின் வீடு. மாதா கோயில் பீடத்துணிகளை வெளுத்துக் கொடுக்கிற பொறுப்பு, அவள் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷத்திலிருந்தே அவளுடையது. மெழுகு சொட்டின துணி, திராட்சை இரசம் சிந்தின துணி, குருத்தோலை ஞாயிறன்று பச்சை ஏறின அங்கி என்று எது வந்தாலும் அவள் அதை முதலில் மடியில் விரித்து வைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவாள். அவள் வீட்டுக்காரர் ரபேல், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வின்ச் ஓட்டியவர். இரும்புச் சங்கிலி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகின தொண்டை. வீட்டுக்குள் அவர் உப்பு கேட்டால் தெருமுனைக் கடையில் பொட்டலம் கட்டிவிடுவார்கள். மகன் பெர்க்மான்ஸ் கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை பார்த்தான். ஏறினால் மாதக்கணக்கில் கடல், இறங்கினால் மாதக்கணக்கில் வீடு. மகள் ஜெசிந்தா சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள், அந்தக் கம்பெனி ஒரு நாள் காலையில் பூட்டியே கிடந்தது. அவள் ஒரு பெட்டியும், ஒரு நல்ல போனும், அதை நிறுத்தி வைக்க மூன்று கால் உள்ள ஒரு கம்பியுமாக வீடு திரும்பினாள்.

துறைமுகத்தில் பெரிய கிரேன்கள் வந்து ரபேலின் வின்ச்சைத் துருவுக்கு விட்டிருந்த நேரம் அது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஜெசிந்தா சுற்றுமுற்றும் பார்த்தாள், விற்க ஒன்றும் இல்லை, அம்மாவின் கை மட்டும் இருந்தது. அந்தக் கை திராட்சை இரசக் கறையின் மேல் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் காத்திருப்பதைப் போனில் பிடித்தாள். மஞ்சள் கறைக்குச் சோப்புப் போட்டால் சிவந்துபோகும், வெயிலில் போட்டால் பறந்துபோகும் என்று அம்மா சொன்னதைப் பிடித்தாள். இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் என்றதையும், துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் உச்சி வெயிலும் என்றதையும், மெழுகுக்குப் பழுப்புத் தாள் வைத்து இஸ்திரி போடு என்றதையும் பிடித்தாள். ‘கித்தேரியம்மா சலவை’ என்று பெயர் வைத்து இணையத்தில் போட்டாள். முதலில் எங்கள் தெரு பார்த்தது. பிறகு ஊர் பார்த்தது. பிறகு துபாயிலும் சிங்கப்பூரிலும் தனியாக இருந்து தன் சட்டையைத் தானே துவைக்கிற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். “அம்மா, குழம்பு கொட்டிட்டேன்” என்று எழுதிக் கேட்டார்கள். அவளும் பெற்ற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பதில் சொன்னாள். கூரையில் ஒழுகின இடம் அடைபட்டது, அடுப்பு எரிந்தது, ஞாயிற்றுக்கிழமை மீனுக்குப் பதிலாக ஆடு எடுத்தார்கள்.

ஆரம்பத்தில் ஒரே ஒரு சச்சரவுதான் இருந்தது.

“யம்மா, ‘ஊறட்டும்’னு நீங்க வாய மூடுன அடுத்த நிமிஷம் அது ஊறியிருக்கணும். இல்லன்னா பாக்குறவங்க விரலால தள்ளி விட்டுட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிருவாங்க.”

“அதெப்படிட்டி? துரு எறங்க ஒரு பொழுது வேணுமே.”

“அது துருவுக்கு. இவங்களுக்கு வேண்டாம்.”

“அப்ப அந்தப் பொழுத என்ன செய்வ?”

“வெட்டிருவேன்.”

கித்தேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். வெட்டுகிறது என்ற சொல்லே அவளுக்கு ஆகாது, அதிலும் பொழுதை. “வெட்டினத எங்கட்டி போடுவ?”

“எங்கயும் போட மாட்டேன். அது தானா போயிரும்மா.”

அது போகவில்லை.

வெட்டின அந்தப் பொழுதுகள் எப்படிப்பட்டவை என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். வாளியில் துணி ஊறுகிற நேரத்தில் கித்தேரியம்மாளுக்கு வேறு வேலை கிடையாது; ஜெசிந்தா மைக்கில் சார்ஜு போய்விடும் என்று அதை அணைத்துவிடுவாள்; போனை மட்டும் நிறுத்தாமல் ஓட விட்டிருப்பாள், நிறுத்தித் திரும்ப வைத்தால் கோணம் மாறிவிடும் என்று. பின்கட்டில் கிடக்கிற துவைக்கிற கல்லைச் சுற்றித்தான் அந்தக் குடும்பம் உட்காரும். ஜெசிந்தா அம்மாவின் முழங்காலுக்கு இடையில் தலையைக் கொடுத்துப் பேன் பார்க்கச் சொல்லுவாள், இத்தனை வயசுக்குமேல். விடுப்பில் வந்திருந்தால் பெர்க்மான்ஸ் நுங்கு சீவித் தருவான். ரபேல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, என்னத்தையாவது பேசிக்கொண்டே இருப்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மேலே பாதி ஓடும் பாதி வெட்டவெளியுமான அந்தப் பின்கட்டில், வெயில் ஒரு வேட்டி அகலத்துக்குச் சுவரில் சாய்ந்து கிடக்கும். இவ்வளவும்தான் வெட்டுப்பட்டது. பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் கித்தேரியம்மாள் காலையில் சாளை மீன் வாங்கி, சட்டியோடு பின்கட்டில் வைத்தவள், நாலு தெரு தள்ளி ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டாள். சாயங்காலம்தான் மீன் ஞாபகம் வந்தது. சாளை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்கள் ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவள் சட்டியைத் திறந்து பார்த்தால், செவுள் செம்பருத்தியாக இருக்கிறது, கண் பளபளக்கிறது, வலையில் இருந்து இப்போது உதறின மாதிரி. அடுப்படியில் விளக்குப் போட்டாயிற்று, தெருவில் பொழுது அடைந்தாயிற்று. பின்கட்டில் மட்டும் முற்பகல் வெயில் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. “ஏங்க, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டாள். வாய்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை. திரும்ப ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு நிலைப்படிக்கு வந்து நின்று கூப்பிட்டாள், குரல் வந்தது.

மைக்கை அணைத்து வைத்த நேரமல்லவா, அதில் சத்தம் எப்படி இருக்கும்?

மறுநாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். “சாமி, எங்க பின்கட்டுல நேரம் தேங்கி நிக்கி.”

“தண்ணி தேங்குனா கொசு வரும். நேரம் தேங்குனா என்னம்மா வரும்?”

“ஒண்ணும் வரல சாமி. ஒண்ணும் போகவும் மாட்டேங்கு.”

சாமியார் வந்து பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ ஜெபித்தார், கேட்கவில்லை. வெளியே வந்தார். “இது ஏற்கெனவே காத்திருந்து முடிச்ச நேரம்மா. நீங்க காத்திருந்துட்டீங்க, யாரும் அத வாங்கிக்கிடல. வீணாப் போகுறது ஆண்டவருக்குப் பிடிக்காது, மிஞ்சின அப்பத் துணுக்கையே கூடையில சேர்க்கச் சொன்னவரு” என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்ல அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் தனக்கு ஆயர் இல்லத்திலிருந்து மாற்றல் உத்தரவு வருமா வராதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த சாமியார், அடுத்த வாரம் முழுக்க மத்தியானத்தில் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் அது எங்களுக்குப் பழகியது. காத்திருக்கிறவர்கள் அங்கே வந்தார்கள். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்றால் அந்த வீட்டுப் பெண்கள் வந்து துவைக்கிற கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பெண், விசாவுக்குக் காத்திருக்கிற பையன், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லையே என்று சோறு இறங்காமல் கிடந்த வீட்டார் எல்லாரும் வந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் வயிறு பசிக்காது, கால் கடுக்காது, மனசு அரிக்காது. வெளியே பொழுது போய்க்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கிறவர்கள் தங்கள் பொழுதைச் செலவழிக்க மாட்டார்கள். கித்தேரியம்மாள் குடும்பம் ஏற்கெனவே காத்திருந்த நேரத்தில் காத்துக்கொள்வார்கள். இட்லி மாவு விற்கிற செண்பகவல்லி மிஞ்சின மாவைப் புளிக்காமல் அங்கே வைத்தாள். பக்கத்து வீட்டுச் செய்யதக்கா பெருநாளுக்கு முந்தியே மல்லிகைப்பூ வாங்கி வாடாமல் வைத்தாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டை முற்றினால் இரண்டு பேரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். கையை நீட்டி நீட்டிச் சத்தமில்லாமல் வைதுகொள்கிறதைத் தாங்களே பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே வருவார்கள்.

“ரபேலண்ணன அங்கனயே குடி வச்சிருங்க, தெருவுக்கு நிம்மதி” என்று செண்பகவல்லி சொல்லுவாள்.

“வப்பியோ? ஒன் மாவச் சட்டியோட கவுத்துப்புடுவேன்” என்று ரபேல் வாசலில் இருந்து சொல்லுவார். முதலில் கேட்பது தெருமுனைக் கடைக்காரருக்குத்தான்.

ஒன்று மட்டும் சீக்கிரமே எங்களுக்கு விளங்கியது. எடுக்க எடுக்க அது குறையும். ஆள் கூடினால் சுவரில் கிடக்கிற வெயில் வேட்டி அகலத்திலிருந்து துண்டு அகலத்துக்கு வந்துவிடும். ஜெசிந்தா அடுத்த வீடியோவை வெட்டி ஏற்றினால் மறுபடி ஒரு சாண் விரியும். ஆகையால் யாரும் சொல்லாமலே ஒரு முறை வந்தது: கடலைப் பார்த்திருக்கிறவர்கள் முதலில், வயிற்றுப்பிள்ளைக்காரி அடுத்து, மாவும் மீனும் பூவும் கடைசியில். எனக்கு உனக்கு என்று சண்டை வந்த நாளும் உண்டு, இல்லாமல் இருக்குமா. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் யாரோ ஒரு பெரிய அண்டா கேக் மாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டதாகச் செய்யதக்காவுக்கும் மேலத்தெருக்காரி ஒருத்திக்கும் ஆன பேச்சு இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை.

கித்தேரியம்மாள் அங்கே போவது காத்திருக்க அல்ல. பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லாத வேளையில், பெர்க்மான்ஸ் கடலிலும் ஜெசிந்தா யாரோ சோப்புக் கம்பெனிக்காரர்களைப் பார்க்கப் போன இடத்திலும் இருக்கிறபோது, கதவைச் சாத்திக்கொண்டு கல்லின்மேல் உட்காருவாள். அந்த நேரத்துக்குள் அந்தந்த நாள் இருந்தது. ஒரு பக்கம் உட்கார்ந்தால் நுங்கு வாசனை வரும். ஒரு பக்கம் முழங்காலில் தேங்காயெண்ணெய்த் தலையின் சூடு இருக்கும். ஜெபமாலையை உருட்டுவாள், உதடு அசையும், சத்தம் இராது. ஆண்டவருக்குச் சத்தம் எதற்கு? நாங்கள் சன்னல் வழியாக ஒரு தடவை பார்த்திருக்கிறோம். மணி உருளுகிற விரல் நின்று போய், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட எந்தத் தாய்க்குத்தான் அப்படி ஒரு பின்கட்டு வேண்டாம்? நாங்கள் சத்தம் போடாமல் சன்னலைச் சாத்திவிட்டு வந்தோம். எங்கள் பிள்ளைகளின் சின்ன வயசை யார் வெட்டி வைத்தார்கள், எந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கிக் கிடக்கிறது என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டே மீன் கழுவினோம்.

ரபேலுக்கு நெஞ்சில் நீர் கோத்தது அதற்கு அடுத்த வருஷம், பெர்க்மான்ஸ் கப்பல் ஏறிப் போயிருந்தபோது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் டாக்டர் கித்தேரியம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா. இன்னைக்குப் பொழுது அடையிற மட்டும்...” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். வண்டியில் வரும்போது ரபேல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி எங்கன வாரான்?” என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது, வண்டிக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பெர்க்மான்ஸ் ஏதோ ஒரு கடலின் நடுவில் இருந்தான். அடுத்த துறைமுகத்தில்தான் இறங்க முடியும், அங்கிருந்து விமானம் ஏறி வர வேண்டும்.

வண்டி வாசலில் நின்றது. கட்டிலைக் கூடத்தில் போடப் போனவர்களை ஜெசிந்தா தடுத்தாள்.

“பின்கட்டுக்குக் கொண்டு போங்க.”

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முற்பகலில் அவரை நிலைப்படி தாண்டி உள்ளே வைத்தார்கள். வைத்ததும் மூச்சுத் திணறல் அப்படியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவருக்குச் சொந்தமான அந்த நாள், பொழுது அடையப் பாதி மிச்சம் இருக்கும்போதே, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்ட மாதிரி நின்றுவிட்டது.

சேதி பரவியதும் செண்பகவல்லி மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். செய்யதக்கா பூவை எடுத்துக்கொண்டாள். படகுக்காரப் பெண்கள், “நாங்க கடற்கரையிலயே நின்னுக்கிடுதோம் யக்கா” என்று எழுந்து போனார்கள். சாமியார் வாசலோடு நின்று ஆசீர் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஆனாலும் சுவரில் வெயில் சுருங்கத்தான் செய்தது. உயிர் ஒன்றைத் தாங்குவது மாவைத் தாங்குகிற மாதிரியா? முதல் நாளிலேயே ஒரு முழம் போய்விட்டது.

“இது பத்தாது” என்றாள் ஜெசிந்தா. “வீடியோ எடுக்கணும். வெட்டணும். வெட்டுனாத்தான் வரும்.”

“இப்பவாட்டி? அவரு இப்படிக் கிடக்கும்போது நான் கேமரா முன்னால நின்னு சிரிக்கவா?”

“சிரிக்க வேண்டாம். ‘ஊறட்டும்’னு சொன்னா போதும்.”

பின்கட்டில் எடுக்க முடியாது, அவர் இருக்கிறார். ஆகவே தெருவில், குழாயடியில், வாளியை வைத்துக் கம்பியை நிறுத்தினார்கள். எங்கே வெட்டினாலும் வெட்டினது அந்தப் பின்கட்டுப் பள்ளத்துக்குத்தான் போகும் என்று எங்களுக்குத் தெரியும். இப்போது கறை வேண்டும். வீட்டில் இருந்த கறைத்துணிகள் இரண்டு நாளில் முடிந்துபோயின. பிறகு தெரு கறையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தது. மெக்கானிக் வீட்டில் கிரீஸ் சட்டை வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் ஒருத்தர்மேல் ஒருத்தர் மை தெளித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். அன்றைக்கு ஒரு தாயும் அடிக்கவில்லை. வாழைத்தார் வெட்டுகிறவர் வேண்டுமென்றே வேட்டியில் பால் வடிய விட்டார். செய்யதக்கா, தன் மகன் சவுதியிலிருந்து அனுப்பின, இன்னும் மடிப்புக் கலையாத பெருநாள் உடுப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்றே ஒரு சொம்புப் பீட்ரூட் தண்ணீரை அதன்மேல் சாய்த்தாள்.

“அக்கா, பாவமே, புதுசுல்லா!” என்றாள் கித்தேரியம்மாள்.

“பழசுல ஊத்துனா சீக்கிரம் போயிரும். புதுசுதான் நின்னு ஊறும்” என்றாள் செய்யதக்கா.

அப்படி எங்கள் தெரு தன் நல்ல துணிகளையெல்லாம் தானே கெடுத்துக்கொண்டது. காலையிலிருந்து பொழுது அடையும்வரை கித்தேரியம்மாள் குழாயடியில் நின்றாள், ராத்திரியும் ஊறுகிற வாளியோரத்திலேயே தலையைச் சாய்த்தாள். போனைப் பார்த்து, “பிள்ளைகளா, பீட்ரூட் கறைக்கு முதல்ல பச்சத் தண்ணி. இது ஊறட்டும்” என்று சொல்லுவாள். பிறகு வாளி ஓரத்தில் குந்தி, அது ஊறுகிற மட்டும், தன் சொந்தப் பொழுதில், தன் சொந்த முழங்கால் கடுக்கக் காத்திருப்பாள். எழுந்து பின்கட்டுக்கு ஓடி ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். வாளியை விட்டு எழுந்துவிட்டால் ஜெசிந்தா வெட்டுகிறதில் பாதிதான் சேர்கிறது என்று முதல் நாளிலேயே பார்த்துவிட்டார்கள். ஆள் காத்திருந்தால்தான் அது காத்திருந்த நேரம். ஆகையால் எழ மாட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய பொழுதையெல்லாம் அவள் வாளியில் ஊற வைத்து அவருக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். இடைவெளியில் இரண்டு கைச் சோறு. அதையும் செண்பகவல்லி ஊட்டினாள். தினம் நாலு, ஐந்து என்று வீடியோ போனதில், எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள், “என்னம்மா இப்பல்லாம் எங்களை விடவே மாட்டேங்கிறீங்க” என்று சந்தோஷமாக எழுதினார்கள். அந்த மாதம்தான் அவர்களுக்கு என்றைக்கும் இல்லாத வருமானம் வந்தது என்று பிற்பாடு ஜெசிந்தா சொன்னாள். அன்றைக்கு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே ரபேல் கிடந்தார். நாங்கள் முறை வைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டோம். கண் திறந்திருக்கும். எங்களைக் கண்டால் வாயை அசைத்து எதையோ கேட்பார். சத்தம் இல்லாத இடத்தில் என்ன கேட்கிறார் என்று எப்படித் தெரியும்? “தம்பி வந்துக்கிட்டே இருக்கான் அண்ணே” என்று நாங்களும் வாயை அசைப்போம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

பெர்க்மான்ஸ் ஒரு உச்சிப்பொழுதில் வந்து இறங்கினான். தாடி, கலங்கின கண், தோளில் ஒரு பை. குழாயடியில் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அம்மாவைப் பார்த்தான், எதிரில் நிற்கிற போனைப் பார்த்தான், கொடிக்குக் கொடி தொங்குகிற தெருவின் துணிகளைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அப்பா சாகக் கிடக்காவ, நீங்க இங்க ஷோ நடத்திக்கிட்டு இருக்கீங்களாம்மா?”

கித்தேரியம்மாள் வாளியை விட்டு எழவில்லை. செய்யதக்காதான் வந்து அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். “ஏல, ஒனக்காகத்தாம்ல ஒங்கம்ம தண்ணியில கிடக்கா. உள்ள போ.”

போனான். தகப்பனும் மகனும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரபேலின் வாய் அசைந்தது. பெர்க்மான்ஸ் குனிந்து காதை அவர் உதட்டில் வைத்தான். ஒன்றுமில்லை. கடலுக்கு அடியில் இரண்டு பேர் இருக்கிற மாதிரி இருந்தார்கள். துறைமுகம் முழுக்கக் கேட்ட குரல், காது தொடுகிற தூரத்தில் கேட்கவில்லை. அவன் வெளியே வந்து நிலையில் சாய்ந்து நின்று அழுதான்.

சுவரில் அப்போது ஒரு கை அகலத்துக்கு வெயில் இருந்தது.

“பயப்படாத. இன்னும் எடுப்போம்” என்றாள் ஜெசிந்தா. அவள் கண் குழி விழுந்திருந்தது. “தெரு பூராவும் துணி இருக்கு. இப்படியே மாசக்கணக்குல வச்சுக்கிடலாம். என்னம்மா?”

நாங்களும் ஆமாம் என்றோம். எங்களிடம் முகூர்த்தப் பட்டுகூட மிச்சம் இருந்தது.

கித்தேரியம்மாள் வாளியை விட்டு எழுந்தாள். இத்தனை நாளும் அப்படி நடுவில் எழுந்ததில்லை. பின்கட்டு நிலையில் போய் நின்றாள். ரபேல் அவளைப் பார்த்தார். பார்த்ததும் கையைத் தூக்கினார், விரலை நீட்டி, அவளுக்குப் பின்னால் இருக்கிற கூடத்தைக் காட்டினார். காட்டிவிட்டுக் கையைக் கீழே போடவே இல்லை.

உள்ளே வைத்திருந்தால் இருப்பார், வெளியே கொண்டுவந்தால் அவருடைய நாளில் மிச்சம் இருக்கிற அந்தப் பாதிதான். எங்களுக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவள் கண்ணை மூடினாள். பீடத்துணியைத் தண்ணீரில் போடுவதற்கு முந்தி மூடுகிற மாதிரி மூடினாள். திறந்ததும் சொன்னாள்:

“கட்டிலத் தூக்குங்க.”

“யம்மா!” என்றாள் ஜெசிந்தா.

“நீ அந்தப் போன நிப்பாட்டு. தம்பி, நீ தலமாட்டப் பிடி.”

நாலு பேர் தூக்கினார்கள். நிலைப்படியைத் தாண்டினதும் முதலில் கட்டில் கிறீச்சிட்டது, பிறகு அவர் மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது, பிறகு ஒரு இருமல். கூடத்தில் இறக்கி வைத்தார்கள். பெர்க்மான்ஸ் கட்டில் காலடியில் மண்டியிட்டு, “அப்பா, நான்தான்ப்பா, வந்துட்டேன்” என்றான். தெரு முழுவதும் வாசலில் நின்றது. இத்தனை நாள் காத்திருந்து மகனிடம் என்ன சொல்லப் போகிறார் என்று நின்றது.

ரபேல் மகனின் தலையில் கையை வைத்தார். வைத்துக்கொண்டே தலையைத் திருப்பி வேறு யாரையோ தேடினார். பிறகு நெஞ்சில் இருந்த அவ்வளவு நீரையும் தள்ளிக்கொண்டு அந்தக் குரல் வந்தது. வின்ச் இரைச்சலுக்கு மேலே போகிற குரல், தெருமுனைக் கடைவரைக்கும் போகிற குரல்:

“ஏட்டி கித்தேரி! இத்தன நாளும் எங்கட்டி போய்த் தொலஞ்ச? வாரவளையெல்லாம் கேக்கேன், கித்தேரி எங்க, கித்தேரி எங்கன்னு. ஒருத்திக்கும் காது கேக்கல!”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“இங்கதாங்க இருந்தேன். வாசல்ல.”

“வாசல்ல ஒனக்கு என்ன சோலி?”

“சும்மாதாங்க” என்றாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகுதான் அழுகை வந்தது.

“சும்மாயா? நல்லாருக்கு கதை. ஏல தம்பி, கப்பலப் பத்திப் பொறவு சொல்லு. முதல்ல ஒங்கம்மைக்கு அந்த நாற்காலிய இழுத்துப் போடு. எந்திரிச்சுப் போனான்னா காலப் பிடி.”

பெர்க்மான்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான். கித்தேரியம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைக்கக்கூட இல்லை, உட்கார்ந்தாள். அவர் அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். தோல் ஊறி, வெளுத்து, சுருங்கிப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. பனிமாதா திருவிழாவில் அவளை முதலில் பார்த்தபோது அவள் ஒரு வேலிமுள்ளில் தாவணி மாட்டிக்கொண்டு நின்றதைச் சொன்னார். ஒரு தடவை வின்ச்சில் கட்டி இறக்கின மூட்டை கிழிந்து கடலெல்லாம் முந்திரிக்கொட்டையாக மிதந்ததைச் சொன்னார். பெர்க்மான்ஸ் பிறந்த அன்றைக்குப் பெய்த மழை, ஜெசிந்தாவுக்குப் பால்பல் விழுந்தபோது அதைக் கூரையில் எறியப் போய்த் தான் ஏணியிலிருந்து விழுந்தது, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பே இல்லாதது என்று ஒன்றைத் தொட்டு ஒன்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் மூச்சு வாங்கும், நிறுத்துவார், அவள் காத்திருப்பாள், மறுபடி ஆரம்பிப்பார். அவரவர் வீட்டில் இருந்தபடியே எங்களுக்கு எல்லாம் கேட்டது. அன்று மத்தியானம் எங்கள் தெருவில் யாரும் மிக்ஸி போடவில்லை. அம்மி இருந்தவர்கள் மெல்ல அம்மியில் அரைத்தார்கள், இல்லாதவர்கள் அரைக்காமலே குழம்பு வைத்தார்கள்.